பிராகில் பக்கத்து வீட்டு அம்மாளிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: கணவரின் வேலை காரணமாகப் பத்து மாதங்களுக்கு முன் மதுரையிலிருந்து செக் நாட்டின் தலைநகரான பிராகுக்குக் குடிவந்தேன். வாரம் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ச் செக் மொழி படிக்கிறேன். பாடநூல் புரிகிறது, கடைக்குப் போனால் அவர்கள் பேசுவது வேறு மொழி போல இருக்கிறது. போன மாதம் பக்கத்து வீட்டில் தனியாக வசிக்கும் எழுபது வயது அம்மாளிடம், வகுப்பில் படித்தபடி ‘யாக் ஸெ மாஷ்?’ என்று நலம் விசாரித்தேன். முகம் இறுகி, ‘நொ, உய்தெ தொ’ என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ‘நோ’ என்றால் என்ன அர்த்தம், என்னோடு பேசவே விருப்பமில்லையா? ஏழு வேற்றுமைகளை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. நிரந்தரக் குடியுரிமைக்கு மொழித்தேர்வு வேறு எழுத வேண்டுமாம்.
— ஒரு வாசகி, பிராக்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மனத்தில் தைத்திருப்பது அந்த வாசற்படி நிகழ்ச்சிதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ‘யாக் ஸெ மாஷ்?’ என்பது தமிழில் ‘எப்படி இருக்கே?’ என்பதற்குச் சமம். மதுரையில் அதிகம் பழகாத எழுபது வயது அம்மாள் ஒருவரிடம் நீங்கள் அப்படிக் கேட்டிருக்கவே மாட்டீர்கள். வகுப்பில் உடன் படிப்பவர்கள் ஒருவரையொருவர் ஒருமையில் அழைத்துப் பழகுவதால் அந்த வடிவம் முதலில் நாக்கில் ஏறிவிட்டது. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது ‘யாக் ஸெ மாதெ?’ என்பதாகும். செக் மொழியில் ‘தி’ என்றால் நீ, ‘வி’ என்றால் நீங்கள். ஆனால் தமிழைப் போலவே பேச்சில் இச்சொற்கள் பெரும்பாலும் விடுபட்டுப்போய், மரியாதை முழுவதும் வினைச்சொல்லின் ஈற்றில் வந்து நிற்கிறது. நம்முடைய ‘இருக்கீங்க’வில் ‘ங்க’ செய்யும் வேலையை அங்கே ‘தெ’ செய்கிறது. கடை, அலுவலகம், மருத்துவமனை, அக்கம்பக்கம் எல்லா இடத்திலும் அறிமுகம் இல்லாத பெரியவர்களிடம் ‘வி’தான் பேச வேண்டும். ஒருமைக்கு மாறிக்கொள்ளலாம் என்று சொல்லும் உரிமை மூத்தவருக்கும், ஆணும் பெண்ணுமாக இருந்தால் பெண்ணுக்கும், அலுவலகத்தில் மேலதிகாரிக்கும் உரியது. அவர்கள் வாய்விட்டுச் சொல்லும்வரை நாம் காத்திருக்க வேண்டும்.

அந்த அம்மாள் சொன்ன பதிலில் மறுப்பு எதுவும் இல்லை என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். செக் பேச்சில் ‘நொ’ என்பது ‘ம்’, ‘ஆமாம்’ என்பதுபோல வரும் சொல். ‘ஆம்’ என்பதற்கான ‘அனொ’வின் குறுக்கமாகவும் அது வழங்குகிறது. ‘இல்லை’ என்பதற்கு அங்கே ‘நெ’ என்பார்கள். ‘நொ, உய்தெ தொ’ என்றால் ‘ம், ஏதோ போகிறது’ என்று பொருள். நலம் விசாரித்தால் ‘மிக நன்றாக இருக்கிறேன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லும் வழக்கம் செக் மக்களிடம் குறைவு. உள்ளதை உள்ளபடி, சற்றுக் குறைத்தே சொல்வார்கள். ஆக, ஒருமையில் கேட்டது அவருக்கு உறுத்தியிருந்தாலும், உங்கள் கேள்விக்கு அவர் நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார்.

இனி, பாடநூலும் தெருவும் ஒத்துப்போகவில்லை என்ற உங்கள் குறைக்கு வருகிறேன். உங்கள் படிப்பில் கோளாறு இல்லை. செக் மொழிக்கும் தமிழைப் போலவே எழுத்து வழக்கு ஒன்று, பேச்சு வழக்கு ஒன்று என இரண்டு நடைகள் உள்ளன. 1620இல் வெள்ளை மலைப் போரில் செக் நிலமான பொஹீமியாவின் பிரபுக்கள் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் பேரரசரிடம் தோற்றபின் ஆட்சியிலும் கல்வியிலும் ஜெர்மன் மொழி மேலோங்கியது. செக் மொழி பெரும்பாலும் கிராமத்தாரின் வாயில் தன் போக்கில் மாறிக்கொண்டே வந்தது. பின்னர் செக் மொழியின் மறுமலர்ச்சிக் காலத்தில் 1809இல் விரிவான இலக்கணம் எழுதிய யோசெஃப் தொப்ரொவ்ஸ்கியும், 1830களில் பேரகராதி தொகுத்த யோசெஃப் யுங்மனும், மக்களின் பேச்சை விட்டுவிட்டு, பதினாறாம் நூற்றாண்டின் பழைய விவிலிய மொழிபெயர்ப்பின் நடையையே எழுத்து மொழிக்கு அடிப்படையாகக் கொண்டார்கள். அந்த இடைவெளிதான் இன்று உங்கள் காதில் விழுகிறது. பால் என்பதற்கு நூலில் ‘ம்லேகொ’ என்று படித்திருப்பீர்கள், கடையில் ‘ம்லீகொ’ என்பார்கள். ‘நல்ல’ என்னும் ‘தொப்ரீ’ பேச்சில் ‘தொப்ரெய்’ ஆகிவிடும். ஜன்னலைக் குறிக்கும் ‘ஒக்னொ’ என்ற சொல் ‘வொக்னொ’ என்று ஒலிக்கும். நாம் ‘ஒன்று’ என்று எழுதிவிட்டு ‘வொண்ணு’ என்று சொல்கிறோமே, அதே மாற்றம்தான் இது.

இந்த ஒற்றுமை உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய பலம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்களுடன் படிக்கும் வேறு நாட்டவர்கள் ‘இதில் எது சரி?’ என்று தவிப்பார்கள். இரண்டுமே சரி, இடம்தான் வேறு என்பது தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். பிராகில் 1927இல் பிறந்த தமிழறிஞர் கமில் சுவெலபில், நம் பழைய இலக்கியங்களோடு தமிழின் வட்டாரப் பேச்சு வழக்குகளையும் சேர்த்தே ஆராய்ந்தார் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். நீங்களும் இரண்டு பத்தி உள்ள ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் நூலின் வடிவத்தையும் மறுபக்கம் கடையிலும் டிராமிலும் கேட்ட வடிவத்தையும் எழுதிவாருங்கள். எழுதும்போது தமிழ் எழுத்தைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் தனித்தனி எழுத்து நம்மிடம் இருப்பதால் செக் மொழியின் குறில் நெடிலைப் பிழையின்றிக் குறிக்கலாம். ‘கல்’லும் ‘கால்’லும் போல அங்கும் அளவு மாறினால் பொருள் மாறும்: ‘தல்’ என்றால் கொடுத்தான், ‘தால்’ என்றால் அப்பால். மூன்று என்பதற்கான ‘த்ர்ஷி’யில் ரகரமும் ஷகரமும் ஒன்றாக உருளும் அந்த ஒலி மட்டும் கடினம்தான். அதற்காகச் செக் குழந்தைகளே பேச்சுப் பயிற்சியாளரிடம் போகிறார்கள் என்பதால், அது வரும்போது வரட்டும் என்று விட்டுவிடுங்கள்.

வேற்றுமைகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். நமக்கு எட்டு, அவர்களுக்கு ஏழு. நாம் ‘ஐ’, ‘கு’ என்று ஒரே உருபை எல்லாப் பெயரோடும் சேர்க்கிறோம். அங்கே பெயரின் பாலுக்கும் ஈற்றுக்கும் ஏற்ப உருபு மாறுகிறது என்பதே சுமை. அட்டவணை முழுவதையும் மனப்பாடம் செய்வதைக் காட்டிலும் விளி வேற்றுமையிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் மனிதரோடு உறவாட முதலில் வேண்டியது அதுதான். நாம் ‘கண்ணன்’ என்பதைக் ‘கண்ணா’ என்று அழைப்பதுபோல ‘கரெல்’ என்பவரைக் ‘கர்லெ’ என்றும் ‘யன’ என்பவரை ‘யனொ’ என்றும் அழைப்பார்கள். மருத்துவர் ‘பனெ தொக்தொரெ’ ஆவார். ஆசிரியை ‘பஞீ உச்சிதெல்கொ’ ஆவார். விளியைச் சரியாகச் சொல்லும் அயல்நாட்டவரை அவர்கள் உடனே கவனிக்கிறார்கள். எண்ணிக்கையில் ஒரு விதி மட்டும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் அன்றாடம் வாங்கும் நீள ரொட்டி ஒன்று என்றால் ‘ரொஹ்லீக்’, இரண்டு முதல் நான்குவரை ‘ரொஹ்லீகி’, ஐந்திலிருந்து ‘ரொஹ்லீகூ’. பேக்கரியில் தினமும் எண்ணிக்கையை மாற்றி மாற்றிக் கேட்டு வாங்கினால் ஒரே வாரத்தில் படிந்துவிடும்.

நேரம் சொல்வதில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். அங்கு வாழ்ந்த முதல் ஆண்டில் பல் மருத்துவரிடம் ‘பூல் ஒஸ்மே’க்கு வரச் சொன்னார்கள். ‘பூல்’ பாதி, ‘ஒஸும்’ எட்டு என்று கூட்டி எட்டரைக்குப் போய் நின்றேன். எனக்குரிய நேரம் ஏழரை. நாம் கடந்துபோன மணியோடு கால், அரை சேர்ப்போம். அவர்கள் வரப்போகும் மணியை நோக்கி எண்ணுவார்கள். எட்டாவது மணியில் பாதி கடந்தால் அது ஏழரை.

பழக்கவழக்கங்களில் எனக்கு முதன்மையாகப் படுவது வணக்கம் சொல்வது. கடைக்குள் நுழைந்தவுடன், மருத்துவரின் காத்திருப்பு அறையில், மின்தூக்கியில் யாரும் முகம் தெரியாதவரானாலும் ‘தொப்ரீ தென்’ என்பார்கள். வெளியேறும்போது ‘நஸ்ஹ்லெதனொ’ என்பார்கள். சிரிக்காமல் சொல்வதால் நமக்குக் கடுமையாகத் தோன்றும், ஆனால் அதைச் சொல்லாமல் நுழைபவரைத்தான் அவர்கள் மரியாதை அறியாதவர் என்று எண்ணுவார்கள்.

தேர்வைப் பற்றிக் கவலை வேண்டாம். பொதுவாக ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்தபின் விண்ணப்பிக்கும் நிரந்தரக் குடியிருப்புக்கு, 2021 செப்டம்பர் முதல் ஏ2 நிலைத் தேர்ச்சி (ஐரோப்பிய மொழித்திறன் அளவீட்டில் இரண்டாம் படி) கேட்கிறார்கள். நீங்கள் எழுதியதுபோல அது குடியுரிமை அன்று, குடியுரிமைக்கு அதற்கு அடுத்த படியான பி1 நிலை வேண்டும். தேர்வில் எழுத்து வழக்கையே கையாளுங்கள்.

அந்த அம்மாளிடம் மறுபடி போவதற்கு ஒரு நல்ல நாள் பார்க்கலாம். செக் நாட்காட்டியில் ஏறக்குறைய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் அச்சிட்டிருக்கும், அப்பெயருடையவருக்கு அது பெயர்நாள். யோசெஃபுக்கு மார்ச் 19, அன்னாவுக்கு ஜூலை 26. கதவருகில் உள்ள அழைப்புமணிப் பலகையில் பெரும்பாலும் குடும்பப் பெயர் மட்டுமே இருக்கும் என்பதால், அவருடைய இயற்பெயரைக் கீழ்வீட்டாரிடம் கேட்டறிந்து, அந்த நாளில் பூவோடு போங்கள். பூக்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கட்டும். இரட்டைப்படை அங்கே சாவு வீட்டுக்குரியது. ‘தொப்ரீ தென்’ சொல்லி, இம்முறை ‘யாக் ஸெ மாதெ?’ என்று கேளுங்கள். அவர் கதவை அகலத் திறந்து ‘பொய்த்தெ தால்’ என்றால் ‘உள்ளே வாருங்கள்’ என்று பொருள். குறிப்பேட்டில் நெடிலோடு எழுதிய அதே ‘தால்’தான். செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுங்கள், நம் வீடுகளைப் போலவே அங்கும் செருப்புக் காலோடு உள்ளே போவதில்லை. வீட்டுக்குள் போட்டுக்கொள்ள அவரே ஒரு ஜோடி துணிச்செருப்பு எடுத்துத் தருவார்.