ஸ்டிக்கருக்குத் தனி விலை உண்டா?

சேகரிப்பாளர்களுக்கான கேள்வி – பதில்

கேள்வி: 1960களில் வெளிவந்த ஓர் அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸை, அங்கே வசிக்கும் என் மைத்துனர் மூலமாக வாங்க எண்ணியிருக்கிறேன். ஒரே இதழின் இரண்டு பிரதிகள் விற்பனைக்கு வந்துள்ளன. இரண்டுக்கும் கிரேடு, அதாவது இதழின் நிலைக்கான தர எண், 6.0தான். ஆனால் ஒன்றின் பிளாஸ்டிக் உறைமேல், ‘பார்வைக்குச் சிறப்பானது’ எனச் சான்று கூறி வேறொரு நிறுவனம் ஒட்டிய ஸ்டிக்கர் இருப்பதால் அதற்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், வடசேரி, நாகர்கோவில்

பதில்: பிரதி அந்த விலைக்குத் தகுதியானதாக உங்கள் கண்ணுக்குப் பட்டால் தாராளமாகக் கொடுங்கள். ஸ்டிக்கர் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கொடுக்க வேண்டாம்.

காமிக்ஸ்களுக்குக் கிரேடு வழங்கும் சி.ஜி.சி. நிறுவனம் 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. 0.5 முதல் 10.0 வரை 25 படிகளாக அது தரம் பிரிக்கிறது. அங்குள்ள பரிசோதகர்கள் இதழைப் பிரித்துப் பக்கங்களை எண்ணுகிறார்கள். உள்ளே கூப்பன் ஏதும் கத்தரிக்கப்பட்டிருக்கிறதா, மங்கிய இடத்தில் வண்ணம் தீட்டியிருக்கிறார்களா, ஓரத்தைச் சீவியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே உறையில் வைத்து மூடுகிறார்கள். பழுதுபார்த்துப் புதுப்பித்த இதழ் என்று தெரிந்தால் ஊதா நிற லேபிள் விழும். விலையும் வெகுவாக இறங்கிவிடும். மூடிய உறையை உடைக்காமல் வாங்குபவர் இவற்றில் எதையுமே சோதிக்க முடியாது என்பதால்தான் அந்த மூன்றாம் தரப்பின் சொல்லுக்கு மதிப்பு ஏற்பட்டது.

ஆனால் 6.0 என்ற எண், குறைகளையெல்லாம் கூட்டிக் கழித்து வந்த விடை மட்டுமே. எந்தக் குறை எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது. ஒரு பிரதியில் முதுகு நெடுகிலும் மெல்லிய மடிப்புக் கோடுகளும் பின்னட்டை மூலையில் ஒரு கிழிசலும் இருக்கலாம். முன்னட்டையோ அச்சகத்திலிருந்து வந்ததுபோல் பளிச்சென்றிருக்கும். இன்னொன்றில் முதுகு நேராக இருந்தாலும், நாயகனின் முகத்தின் மேலேயே தேநீர் நிறத்தில் ஈரக்கறை பரவியிருக்கலாம். இரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். மேலும், அட்டையைக் கோணலாக மடித்ததால் பின்னட்டையின் வெள்ளைப் பட்டை முன்பக்கம் எட்டிப் பார்ப்பது போன்ற அச்சகக் குறைகளுக்குக் கிரேடில் அதிகம் குறைப்பதில்லை, 9.6 பெற்ற இதழ்கூடக் கோணலாய்த் தெரிவது இதனால்தான்.

இந்த இடைவெளியில்தான் ஸ்டிக்கர் நுழைகிறது. நாணயச் சேகரிப்பில் இதற்கு முன்னோடி உண்டு. அமெரிக்க நாணய வியாபாரி ஜான் ஆல்பனீஸ் 2007இல் தொடங்கிய சி.ஏ.சி. நிறுவனம், ஏற்கெனவே கிரேடு பெற்ற நாணயங்களை மறுபடி பார்த்து, தேறியவற்றின் உறைமேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியது. அந்தப் பச்சைக்குச் சந்தையில் மதிப்பு ஏற்பட்டதற்கு அவருடைய அனுபவம் ஒரு காரணம். தான் ஸ்டிக்கர் ஒட்டிய நாணயங்களைத் தானே விலை கூறி வாங்கவும் அந்த நிறுவனம் முன்வந்தது இன்னொரு காரணம். என் பார்வையில் இரண்டாவதே முக்கியமானது. ஆகவே காமிக்ஸ் ஸ்டிக்கரைப் பார்க்கும்போதும், ஒட்டியவர் அந்தப் பிரதிக்குத் தன் பணத்தை வைக்கத் தயாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது பழக்கமுள்ள ஒருவரின் அபிப்பிராயம். மதிக்கலாம், ஆனால் அதற்குமேல் ஒன்றுமில்லை. ஒட்டியவருக்கும் விற்பவருக்கும் வியாபாரத் தொடர்பு இருந்தால் அந்த மதிப்பையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிரேடு கொடுப்பவர் சான்று சொல்வது உறைக்குள் மறைந்திருப்பதற்கு. ஸ்டிக்கர் ஒட்டுபவர் சான்று சொல்வதோ உறை வழியாக எவருக்கும் தெரிவதற்கு. உங்களுக்கு அங்கே ஒரு மைத்துனர் இருக்கிறார். இரண்டு பிரதிகளையும் பகல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் நேராக ஒரு படமும், சாய்த்துப் பிடித்து ஒரு படமும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்ப்படத்தில் அட்டையின் நடுநிலையும் நிறமும் தெரியும்; சாய்த்த படத்தில் முதுகின் மடிப்புகளும் பளபளப்பும் தெரியும். ஸ்டேப்ளர் பின்னைச் சுற்றித் துருக்கறை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வானவில் நிற வளையங்கள் தென்பட்டால் பதற வேண்டாம். அவை பிளாஸ்டிக் ஒட்டி நிற்பதால் தோன்றுபவை, இதழின் குறையல்ல.

ஸ்டிக்கர் இல்லாத பிரதியைத் தாழ்வாகவும் எண்ண வேண்டாம். அது தேறாமல் திரும்பி வந்ததா, அனுப்பப்படவே இல்லையா என்பது உறையைப் பார்த்தால் தெரியாது. ஆனால் மிகுந்த விலையுள்ள இதழ், பல தொழில்முறை வியாபாரிகளின் கைமாறி வந்தும் ஸ்டிக்கர் இல்லாமலிருந்தால், யாரோ ஒருவர் முயன்று பார்த்திருப்பார் என்று ஊகிப்பதில் தவறில்லை.

கேள்வி: என்னிடம் 9.4 கிரேடு பெற்ற ஒரு பிரதி உள்ளது. ஸ்டிக்கருக்கு அனுப்பி வாங்கிவிட்டு விற்றால் லாபம் கிடைக்குமா?
— ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: 9.4க்கும் அடுத்த படியான 9.6க்கும் இடையே விலை எவ்வளவு தாவுகிறது என்பதை, ஏலத்தில் உண்மையில் முடிந்த விலைகளை வைத்து முதலில் பாருங்கள். தாவல் பெரிதாக இருக்கும் இதழில், அழகான 9.4ஐ 9.6க்கு மாற்றாக வாங்க ஆள் இருப்பார், ஸ்டிக்கருக்கு வேலையுண்டு. எல்லோரிடமும் கிடைக்கும் இதழில் அதற்கு ஆகும் செலவே மீளாது.

இங்கிருந்து அனுப்புவதானால் கட்டணம், போகவர கூரியர், காப்பீடு, சுங்க நடைமுறை எல்லாம் சேரும். வழியில் உறை விரிசல் கண்டால் நஷ்டம் உங்களுடையது. அமெரிக்க ஏலத்தில்தான் விற்கப் போகிறீர்கள் என்றால், ஏலம் விடுபவரிடமே ஒப்படைத்து, அவர் தேவையென்று கருதினால் அங்கிருந்தே அனுப்பச் சொல்வது மேல். பிற்பாடு கூடுதல் கிரேடு வேண்டி உறையை மாற்றினால், பழைய உறையோடு ஸ்டிக்கரும் போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: அப்பா சேர்த்து வைத்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்களுக்கும் இத்தகைய சான்று பெற வேண்டுமா?
— ஒரு வாசகர், குளச்சல்

பதில்: தேவையில்லை. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸையும் 1984இல் தொடங்கிய லயனையும் தேடுபவர்கள் நம்மவர்கள். இதழைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். அவர்கள் கேட்பதும் வேறு: பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா, அட்டை அசல்தானா, பைண்டிங் செய்ததா செய்யாததா. அக்காலத்தில் பலர் பத்துப் பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்து பைண்டிங் கடையில் கொடுத்து, மூன்று பக்கமும் வெட்டிவிடுவார்கள். அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், ஓரம் வெட்டுப்பட்டதற்கு முழு விலை கிடைக்காது.

சான்றுக்குச் செலவிடும் பணத்தைப் பாதுகாப்புக்குச் செலவிடுங்கள். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே பெய்கின்றன. குளச்சலில் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். மலிவான செய்தித்தாள் தாள் பழுக்கவும், ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்று வரவும் அது போதும். இதழ்களை அமிலமற்ற அட்டை வைத்துத் தனித்தனிப் பைகளில் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் நிறுத்தி வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள். ஏற்கெனவே துருவேறிய பின்னை நீங்களாகக் கழற்றிப் புதிது போட்டுவிடாதீர்கள். விற்பதானால் அதை அப்படியே காட்டி விற்பதே நல்லது.