பத்தாவது மட்டுமே படித்த சுகாதாரத் தன்னார்வலர் சொன்னார் என்பதற்காக அம்மாவை மார்பகப் பரிசோதனைக்கு அனுப்பலாமா?

‘பத்தாவது மட்டுமே’ என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். நானும் பத்தாவதுதான். தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில், மகளிர் குழுவிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்துக்குத் தன்னார்வலராக வந்தவள். பிரஷர், சர்க்கரை பார்க்க வீடு வீடாகப் போகிறேன்.

உங்கள் அம்மா ஐம்பதைத் தாண்டியவராக இருப்பார், “வலியே இல்லை, எதற்குப் போகணும்?” என்று கேட்டிருப்பார். புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதுதான் ஆபத்து.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. மார்பகப் பரிசோதனைக்கு வரச்சொல்லி இரண்டு முறை போய்ச் சொல்லியும் “அப்புறம் பார்க்கலாம்” என்று அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை சர்க்கரைக்கு விரலில் குத்தும்போது, வீட்டில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “கண்ணு, நாலு மாசமா ஒரு கட்டி இருக்கு.” மகளுக்கு வரன் பார்க்கும் நேரம். இந்த நோய் என்று தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று கணவரிடம்கூடச் சொல்லவில்லை. எனக்குக் கை நடுங்கியது. மறுநாளே நான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். செவிலியர் கையால் சோதித்துப் பார்த்துப் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார். “ஊசி குத்தினால் பரவிவிடும்” என்று உறவுக்காரர்கள் கிளப்பிவிட்டார்கள். அப்படிப் பரவாது என்று டாக்டரே உட்கார்ந்து விளக்கிய பிறகுதான் சதைப் பரிசோதனைக்குச் சம்மதித்தார். புற்றுதான். அறுவை சிகிச்சையும் மருந்தும் முதலமைச்சர் காப்பீட்டில் நடந்தன. இப்போது களையெடுக்கப் போகிறார்.

‘நீ என்ன டாக்டரா?’ என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. எது புற்று, எது இல்லை என்று நான் சொல்வதே கிடையாது. பெரும்பாலான கட்டிகள் புற்றும் இல்லை. அனுப்பிவைப்பதுதான் என் வேலை. ஆனால் படிப்பைச் சொல்லி ஒதுக்காதீர்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி, ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து 20 வருடம் ஆய்வு நடத்தியது. அதில் கையால் சோதித்தவர்கள் பத்தாவது வரை படித்து, சில வாரம் பயிற்சி எடுத்த பெண்கள்தான். 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றால் இறப்பது கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. அதைவிடச் சின்ன வயதில் அந்த அளவு பலன் தெரியவில்லை, அதையும் நான் மறைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த அக்காவை மருந்து ஏற்றக் கூட்டிப்போன நாட்களில், நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் டவுன் பஸ் நிற்காமலே போகும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் அவர் நின்றதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றால் நாங்கள் பயணிகள் இல்லையா?

சரி, உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், ரத்தம் கசிதல் இருந்தால் இன்றே கிளம்பச் சொல்லுங்கள். எதுவும் இல்லையென்றாலும் ஒருமுறை போகட்டும். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் அந்தத் தன்னார்வலரையே துணைக்குக் கூப்பிடுங்கள். வருவார்.