திவாலான அணுவுலை நிறுவனத்தில் மகன் சேரலாமா?

தாம்பரத்திலிருந்து எழுதியுள்ள ஐயாவுக்கு வணக்கம். இயந்திரவியல் படித்த தங்கள் மகனுக்கு வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் உலை வடிவமைப்புப் பணிக்கு அழைப்பு வந்திருப்பதையும், அது திவாலான நிறுவனம் என்று உறவினர்கள் சொல்வதால் தாங்கள் கலங்குவதையும் படித்தேன்.

அவர்கள் சொல்வது பாதி உண்மை. அமெரிக்காவின் ஜார்ஜியாவிலும் தெற்கு கரோலினாவிலும் கட்டிக்கொண்டிருந்த ஏபி1000 என்ற தன் வடிவமைப்பிலான நான்கு அணுவுலைகளின் செலவு கட்டுக்கடங்காமல் போனதால், 2017 மார்ச் 29 அன்று அந்நிறுவனம், தொழிலை நடத்திக்கொண்டே கடன்களைச் சீரமைக்க நீதிமன்றப் பாதுகாப்பைக் கோரியது. எரிபொருள் வழங்கும் தொழிலும், இயங்கும் உலைகளைப் பராமரிக்கும் தொழிலும் அப்போதும் லாபத்தில்தான் இருந்தன. 2018-இல் அதன் அப்போதைய உரிமையாளரான ஜப்பானின் தோஷிபாவிடமிருந்து கனடாவின் முதலீட்டு நிறுவனமான புரூக்ஃபீல்டு அதை வாங்கியது. 2023 முதல் 49 விழுக்காடு பங்கு கனடாவின் யுரேனிய நிறுவனமான கமேக்கோவிடம் இருக்கிறது. தெற்கு கரோலினா உலைகள் பாதியில் கைவிடப்பட்டன. ஆனால் ஜார்ஜியாவின் வோக்டில் அணுமின் நிலையத்தில் கட்டிய இரு உலைகளும் 2023, 2024-இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிவிட்டன.

ஆகவே, பழைய திவாலை எண்ணி நான் தயங்க மாட்டேன். பணி ஆணையில் கையொப்பமிடுவது வெஸ்டிங்ஹவுஸா, இடையிலுள்ள ஒப்பந்த நிறுவனமா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன், ஏனெனில் சம்பளத்துக்கும் பணிப் பாதுகாப்புக்கும் பொறுப்பு கையொப்பமிடுபவருடையது. எந்தத் திட்டத்துக்கான வேலை என்பதையும் தங்கள் மகன் தயங்காமல் கேட்கட்டும். ஆந்திராவின் கொவ்வாடாவில் வெஸ்டிங்ஹவுஸின் ஆறு உலைகள் அமைப்பது குறித்துப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அதை மட்டும் நம்பிய பணியென்றால், எழுத்து வடிவில் உறுதி பெறாமல் இப்போதைய வேலையை விட வேண்டாம்.