ஸ்காலப் சிப்பியின் கண்ணும் ஆக்டோபஸின் கண்ணும் ஒன்றா?

தலையே இல்லாத ஸ்காலப் சிப்பியின் கண்களை, உங்கள் பரிணாம வரைபடத்தில் ஆக்டோபஸின் கண்களோடு ஒரே கோட்டில் இணைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இணைக்காதீர்கள். இருவோட்டுச் சிப்பிகளின் மூதாதையர் ஓட்டுக்குள் ஒடுங்கித் தலையை இழந்தபின், வெளியுலகை எதிர்கொள்ளும் இடமாக எஞ்சிய உடற்போர்வையின் (ஓட்டின் உட்புறத்தை ஒட்டிய சதை மடிப்பின்) விளிம்பிலேயே கண்கள் பலமுறை தனித்தனியாகத் தோன்றின. ஆர்க் சிப்பிகளில் அவை கூட்டுக் கண்கள். ராட்சதச் சிப்பிகளில் ஊசித்துளைக் கண்கள். ஸ்காலப்பின் கண்ணோ உண்மையிலேயே வியப்புக்குரியது: 200 வரை இருக்கக்கூடிய அக்கண்கள் ஒவ்வொன்றிலும், வில்லையைவிட, கண்ணின் பின்புறத்தில் குவானின் என்ற வேதிப்பொருளின் படிகங்களாலான ஆடியே பிம்பத்தை உருவாக்குகிறது என்பதை பிரிட்டிஷ் உயிரியலாளர் மைக்கேல் லாண்ட் 1965இல் விளக்கினார், அந்த ஆடிக்கு முன்னால் இரண்டு விழித்திரைகள் அமைந்துள்ளன. ஒளியுணர் புரதங்களான ஆப்சின்களோ மிகப் பழைய பொது மூதாதையரிடமிருந்து வந்தவை என்பதால், உறுப்பையும் மூலக்கூறையும் தனித்தனிக் கோடுகளில் குறியுங்கள்.