ரோமானியக் காரை முதல் எல்சி3 சிமென்ட் வரை: கேள்வி பதில்

பழங்காரையைத் தொல்லியல் துறை படிக்கிறது, அதன் உள்ளமைப்பைப் பொருள் பொறியியல் துறை பார்க்கிறது, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்த எல்சி3 போன்ற கரிமம் குறைந்த சிமென்ட் செய்து விற்க முடியுமா என்று மேலாண்மைத் துறை கணக்குப் போடுகிறது. மூன்று துறையினரும் அனுப்பிய கேள்விகள் இங்கே கலந்தே வருகின்றன.

தொல்லியல் முதுகலை மாணவி: ரோமானியர்கள் சுட்ட சுண்ணாம்பை நேரடியாகக் கலந்தார்கள் என்று 2023இல் எம்ஐடி குழு எழுதியது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பைத்தானே சொல்கிறார்? யாரை நம்புவது?

இருவரையும் நம்பலாம். இருவரும் ஒரே வேலையைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்பதை முதலில் பாருங்கள். விட்ருவியஸ் இரண்டாம் நூலில், சுண்ணாம்பு நீறிய பிறகு ஒரு பங்குக்குக் குழிமணல் மூன்று பங்கு, ஆற்று மணலோ கடல் மணலோ என்றால் இரண்டு பங்கு என்கிறார். ஏழாம் நூலில் மேற்பூச்சைப் பற்றிப் பேசும்போது, சுண்ணாம்பு வெகுநாள் முன்பே நீறியிருக்க வேண்டும், இல்லையென்றால் நீறாத துணுக்குகள் பூச்சில் கொப்புளம் கிளப்பும் என்று எச்சரிக்கிறார். அப்படியென்றால் நீறாத துணுக்குகள் கலவைக்குள் வருவது அன்றைக்கே தெரிந்த விஷயம். பூச்சில் அது குற்றம். தடித்த சுவரின் உள்ளே அது கெடுதல் செய்யாது.

எம்ஐடியில் அட்மிர் மாசிச் குழு ஆராய்ந்தது இத்தாலியில் உள்ள பிரிவர்னம் என்ற பழைய ரோமானிய நகரின் மதிற்சுவர்த் துண்டுகளை. அவற்றில் வெள்ளை வெள்ளையாக, மில்லிமீட்டர் அளவில் சுண்ணாம்புக் கட்டிகள் இருந்தன. முன்பு இவற்றைச் சரியாகக் கலக்காததன் அடையாளம் என்று ஒதுக்கினார்கள். கட்டிகளின் அமைப்பு அதிக வெப்பத்தில் உருவானது போல இருந்ததால், சுட்ட சுண்ணாம்பையே எரிமலைச் சாம்பலோடு கலந்து தண்ணீர் விட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. விரிசலில் தண்ணீர் புகுந்தால் இந்தக் கட்டி கரைந்து, கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து அடைத்துக்கொள்கிறது. சோதனையில் 0.5 மி.மீ. விரிசல் வழியே ஓடிய தண்ணீர் இரண்டு வாரத்தில் நின்றது.

உங்கள் ஆய்வேட்டில் “ரோமானியர்கள் இப்படித்தான் செய்தார்கள்” என்று எழுத வேண்டாம். எந்த ஊர், எந்தக் காலம், சுவரா பூச்சா துறைமுகமா என்று பிரித்து எழுதுங்கள். கடலுக்குள் கட்டியவற்றில் ஆய்வாளர் மேரி ஜாக்சன் குழு கண்டது வேறு கதை: அங்கே கடல்நீர் எரிமலைச் சாம்பலோடு வினைபுரிந்து, அலுமினியம் கலந்த டோபர்மோரைட் என்ற கனிமத்தின் படிகங்கள் பிற்பாடு வளர்ந்திருக்கின்றன.

பொருள் பொறியியல் ஆய்வாளர்: சுட்ட சுண்ணாம்பை நேரடியாகக் கலக்கும் சூட்டுக் கலவையை ஆய்வகத்தில் செய்கிறோம். நீற்றிய சுண்ணாம்புக் கலவையோடு ஒப்பிட்டால் முடிவு ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி வருகிறது.

பெரும்பாலும் ஒப்பீட்டின் எடைக்கணக்கில்தான் கோளாறு இருக்கும். 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு 18 கிராம் தண்ணீரை இழுத்துக்கொண்டு 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பாகிறது. எனவே 100 கிராம் சுட்ட சுண்ணாம்புக்கு இணை 132 கிராம் நீற்றியது. இரண்டையும் 100 கிராம் போட்டால் ஒன்றில் கால்சியம் கூடுதல். அந்த வித்தியாசத்தைத்தான் நீங்கள் வலிமை என்று அளக்கிறீர்கள்.

அடுத்தது தண்ணீர். 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு 32 கிராம் தண்ணீரை வினையிலேயே தின்றுவிடும். ஆவியாகப் போவது தனி. அதனால் இரண்டு கலவைக்கும் ஒரே அளவு தண்ணீர் விடாதீர்கள். கலவை எவ்வளவு பரவுகிறது என்று அளக்கும் பரவல் மேசையில் ஒரே பரவல் வரும் அளவுக்கு விடுங்கள், விட்ட அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புத் தூளையும் சாம்பலையும் முதலில் உலர்வாகக் கலந்து, பிறகு தண்ணீர். எஃகுப் பாத்திரம் மட்டுமே; பிளாஸ்டிக் உருகும், மூடி போட்டால் ஆவி அடைபட்டுத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் அருகில் விடாதீர்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் இடைவிடாமல் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

28 நாள் வலிமையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். இந்தக் கலவை மெதுவாகத்தான் இறுகும். 90, 180 நாள் மாதிரிகளை முதல் நாளே வார்த்து ஈரத்தில் வையுங்கள்.

பழங்காரை மாதிரி எடுப்பது எப்படி? அமிலத்தில் கரைத்து சுண்ணாம்பு–மணல் விகிதம் கண்டால் போதாதா?

முதலில் அனுமதி. இந்தியாவில் மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் எழுத்தில் வாங்குங்கள். பிறகு சுவரைப் படித்து, மறுபூச்சு, பழுதுபார்த்த இடம் எது என்று அடையாளம் காணுங்கள். வெயில் மழை தின்ற மேற்பரப்பை விட்டு, உள்ளே இருந்து 20 முதல் 50 கிராம் எடுத்தால் பெரும்பாலான சோதனைகளுக்குப் போதும். எடுக்கும் முன்னும் பின்னும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, காற்றுப்புகாத பையில் போட்டு எண் எழுதுங்கள்.

அமிலக் கரைப்பு, ஜல்லியும் மணலும் சிலிக்காவாக இருந்தால் மட்டுமே சரி. மணலில் கிளிஞ்சல் தூளோ சுண்ணாம்புக்கல் துகளோ இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதையும் கரைத்துவிடும்; ஒன்றுக்கு மூன்று கலவை ஒன்றுக்கு ஒன்று போலத் தெரியும். அதனால் முதலில் மெல்லிய வெட்டு செய்து நுண்ணோக்கியில் பாருங்கள். எபாக்சி பிசின் ஏற்றி, 30 மைக்ரான் வரை தேய்க்கும்போது தண்ணீருக்குப் பதில் எண்ணெய் அல்லது ஆல்கஹால். தண்ணீர் பட்டால் ஜிப்சம் போன்றவை கரைந்து ஓடும்.

மீதியை அரைக்காமல், மெதுவாக நசுக்கி 63 மைக்ரான் சல்லடையில் சலித்தால் பிணைப்புப் பொருள் ஓரளவு தனியாக வரும். அதை எக்ஸ்ஆர்டிக்கும் (எக்ஸ்-கதிரால் படிகங்களை அடையாளம் காண்பது) டிஜிஏவுக்கும் (சூடேற்றி எடைக்குறைவை அளப்பது) கொடுங்கள். உலர்த்துவது 40 டிகிரியில்; 105இல் வைத்தால் ஜிப்சமும் எட்ரிங்கைட் என்ற கனிமமும் நீரை இழந்துவிடும், பிறகு “இல்லை” என்று தவறாக எழுதுவீர்கள். டிஜிஏவில் 200 முதல் 600 டிகிரி வரை குறைவது பிணைந்த நீர், 600க்கு மேல் குறைவது கரியமில வாயு. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 10க்கு மேல் வருவது வெறும் காற்றில் இறுகிய சுண்ணாம்பு. குறையக் குறைய சாம்பலோ செங்கல் தூளோ வினைபுரிந்த காரை.

காரையை ரேடியோகார்பன் முறையில் காலம் கணிக்கலாமா?

கணிக்கலாம். சுண்ணாம்பு இறுகும்போது அன்றைய காற்றின் கரியமில வாயுவைப் பிடித்து வைக்கிறது. ஆனால் சுண்ணாம்புக்கல் துகள் கலந்தால் வயது கூடும், பிற்காலத்தில் மறுபடிகமானால் குறையும். அமிலத்தில் படிப்படியாகக் கரைத்து வெவ்வேறு பகுதிகளை அளப்பது வழக்கம். தனிச் சுண்ணாம்புக் கட்டி கிடைத்தால் அதையே முதலில் எடுங்கள். அதில் மணல் கலப்பு குறைவு.

தொழில் முனைவோர்: எங்கள் நிலத்தில் களிமண் நிறைய இருக்கிறது. எல்சி3 சிமென்டுக்குச் சுட்ட களிமண் விற்க நினைக்கிறேன். மண் தேறுமா என்று எப்படிப் பார்ப்பது?

எல்சி3 என்பது பொதுவாக கிளிங்கர் (சூளையில் சுட்டெடுத்த சிமென்ட் கட்டி) 50, சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் தூள் 15, ஜிப்சம் 5 சதவீதம். முதல் ஆலைச் சோதனை 2013இல் கியூபாவில் நடந்தது. சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள ஈபிஎஃப்எல் பல்கலைக்கழகம், ஐஐடி டெல்லி, ஐஐடி மெட்ராஸ் எல்லாம் இதில் உழைத்திருக்கின்றன. இந்தியத் தர அளவு ஐஎஸ் 18189:2023.

நிறத்தை நம்பாதீர்கள். வெள்ளை மண்ணில் சரக்கு இல்லாமலும், சிவப்பு மண்ணில் நிறைய இருந்தும் பார்க்கலாம். தேவை கயோலினைட் என்ற களிமண் கனிமம், அதுவும் 40 சதவீதத்துக்கு மேல். டிஜிஏவில் 400 முதல் 600 டிகிரிக்குள் குறையும் எடையை 0.1396ஆல் வகுத்தால் கயோலினைட் அளவு வரும். உதாரணமாக 6.3 சதவீதம் குறைந்தால் கயோலினைட் சுமார் 45 சதவீதம்: தேறும். 3 சதவீதம்தான் குறைந்தது என்றால் 21, விட்டுவிடுங்கள். மான்ட்மோரில்லோனைட் என்ற வேறு களிமண் கனிமம் மிகுந்த கரிசல் மண் சுட்டாலும் அந்த அளவு வினை தராது. ஒரு குழியில் எடுத்த ஒரு மாதிரியை வைத்து முதல் போடாதீர்கள். நிலம் முழுக்கக் கட்டம் போட்டு, ஆழவாரியாக எடுங்கள்.

சுடுவது 700 முதல் 850 டிகிரிக்குள். கிளிங்கருக்கு வேண்டிய 1450ஐவிட இது வெகு குறைவு. ஆய்வகத்தில் 800 டிகிரியில் ஒரு மணி நேரம், தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி வையுங்கள். குவித்தால் நடுப்பகுதி வேகாது. சுட்டதை மறுபடி டிஜிஏவில் போட்டு, கயோலினைட் மிச்சம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். 900ஐத் தாண்டவிட்டால் மண் மறுபடிகமாகி வினைத்திறன் செத்துவிடும். சூளைக்காரர்கள் பதமாகச் சுட்டதையும் அதிகம் சுட்டதையும் கண்ணால் பிரிக்க முடியாது. வினைத்திறனை அளக்கும் ஏஎஸ்டிஎம் சி1897 தர அளவின் ஆர்3 சோதனையில் 40 டிகிரியில் 7 நாள் வெளியாகும் வெப்பத்தை அளந்தால்தான் தெரியும்.

இரும்பு இருந்தால் சுட்டதும் செங்கல் நிறம் வரும். தரம் கெடாது, ஆனால் வாங்குபவர்கள் சாம்பல் நிறத்தைத்தான் சிமென்ட் என்று நினைக்கிறார்கள். ஆறவைக்கும் கட்டத்தில் ஆக்சிஜனைக் குறைத்தால் இரும்பு கறுத்து, சாம்பல் நிறம் கிடைக்கும். இதற்கான சூளை அமைப்பின் செலவைத் திட்டத்திலேயே சேருங்கள்.

கட்டுமானப் பொறியாளர்: எல்சி3 கான்கிரீட் அரை மணியில் இறுகிப் போகிறது. தண்ணீர் சேர்த்தால் ஆச்சா?

சேர்க்கவே கூடாது. களிமண் துகள் தட்டையானது, பரப்பு அதிகம். தண்ணீரையும் கலவை வேதிப்பொருளையும் இழுத்துக்கொள்கிறது. பிசிஇ (பாலிகார்பாக்சிலேட்) வகை இளக்கியைக் கூடுதல் அளவில், பாதியை ஆலையிலும் மீதியைத் தளத்திலும் சேர்த்துப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஜிப்சம் போதாமல் இருக்கலாம். வினையின் வெப்பத்தை அளக்கும் வெப்ப அளவியில் அலுமினேட் வினையின் முகடு சீக்கிரம் வந்தால் அதுதான் காரணம், சிமென்ட் ஆலையில் திருத்த வேண்டியது.

குளோரைடு ஊடுருவலை எல்சி3 நன்றாகவே தடுக்கும், கடலோரத்துக்கு ஏற்றது. காற்றின் கரியமில வாயு புகுந்து காரத்தன்மையைக் குறைக்கும் கார்பனேற்றத்தில் சாதாரண சிமென்டைவிடப் பலவீனம். ஆகவே கம்பிக்கு மேல் கான்கிரீட் உறையின் அளவைக் குறைக்காதீர்கள். கலப்பு சிமென்டுக்கு இந்தியக் கான்கிரீட் விதித்தொகுப்பான ஐஎஸ் 456 கேட்கும் 10 நாள் நீராட்டலையும் விடாதீர்கள்.

எம்பிஏ மாணவர்: எல்சி3 கரிம உமிழ்வை 40 சதவீதம் குறைக்கும் என்று வணிகத் திட்டத்தில் எழுதலாமா?

எதோடு ஒப்பிட்டு என்று எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. கணக்கைப் போடுவோம். டன் கிளிங்கருக்கு 0.85 டன் கரியமில வாயு, டன் சுட்ட களிமண்ணுக்கு 0.25 என்று வையுங்கள். உங்கள் ஆலையின் அளவு கிடைத்ததும் மாற்றிக்கொள்ளலாம். 95 சதவீதம் கிளிங்கர் உள்ள ஓபிசிக்கு (சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்) 0.81 வரும். எல்சி3க்கு 0.425 கூட்டல் 0.075, ஆக 0.50. குறைவு 38 சதவீதம்.

ஆனால் இந்தியச் சந்தையில் உங்களுக்கு எதிரே நிற்பது ஓபிசி மட்டுமில்லை. 30 சதவீதம் நிலக்கரிச் சாம்பலும் 65 சதவீதம் கிளிங்கரும் உள்ள பிபிசிக்கு (சாம்பல் கலந்த போர்ட்லேண்ட் சிமென்ட்) அதே கணக்கில் 0.55தான். அப்போது குறைவு சுமார் 10 சதவீதம்! முதலீட்டாளர் இதைக் கண்டுபிடிக்கும் முன் நீங்களே எழுதிவிடுங்கள். எல்சி3யின் நிஜமான பலம், நல்ல சாம்பல் கிடைக்காத ஊரிலும், அனல்மின் நிலையங்கள் குறையும் காலத்திலும் களிமண் கிடைக்கும் என்பது. சிமென்ட் சூளைக்கு ஆகாத மட்டமான சுண்ணாம்புக்கல்லும் இதில் பயன்படும்.

ஒப்பீட்டு அலகு ஒரு டன் சிமென்டாக இருக்கக் கூடாது. ஒரே வலிமை, ஒரே இளக்கம் உள்ள ஒரு கன மீட்டர் கான்கிரீட்டாக இருக்கட்டும். 340 கிலோ போதுமான இடத்தில் 360 கிலோ போட்டால் கிட்டத்தட்ட 6 சதவீத ஆதாயம் போயிற்று. களிமண் லாரி தூரத்தையும் சேருங்கள். வாழ்நாள் சுழற்சி மதிப்பீட்டுக்கான ஐஎஸ்ஓ 14040, 14044 முறைப்படி கணக்கின் எல்லையை வரைந்த பிறகே சதவீதம் பேசுங்கள்.

ரோமானியக் காரையில் அடுக்குமாடி கட்டலாமா?

கம்பி போட்ட கட்டடத்துக்கு ஆகாது. ரோம் நகரின் பாந்தியன் கோயில் குவிமாடத்தின் 43 மீட்டர் விட்டத்தில் கம்பியே இல்லை. எடையை வளைவு சுமக்கிறது. சுண்ணாம்புக் காரை கார்பனேறியதும் காரத்தன்மை இறங்கி, உள்ளே கம்பி துருப்பிடிக்கும். தரைப் படுகை, சுவர்க் கட்டு, பழைய கட்டடப் பழுது என்றால் யோசிக்கலாம்.

கடுக்காய், வெல்லம் சேர்த்த நம் ஊர்ச் சுண்ணாம்புக் காரையையும் இதே சோதனைகளால் ஆராயலாமா?

ஆராயலாம், ஒரு பொறி இருக்கிறது. கரிமப் பொருள் எரிவதும் 200 முதல் 600 டிகிரிக்குள்தான். டிஜிஏ எடைக்குறைவை அப்படியே பிணைந்த நீர் என்று எழுதினால், வெறும் சுண்ணாம்பு நீரில் இறுகும் காரையாகத் தெரியும். நைட்ரஜனிலும் காற்றிலுமாக இருமுறை ஓட்டி, வெளிவரும் வாயுவையும் அளந்து பிரியுங்கள். எஃப்டிஐஆர் என்ற அகச்சிவப்பு நிறமாலைச் சோதனையில் கரிமப் பட்டைகளைச் சரிபாருங்கள். புதிதாகக் கலவை செய்து பார்ப்பவர்கள் கடுக்காய் மட்டும், வெல்லம் மட்டும், இரண்டும், இரண்டும் இல்லாதது என நான்கு தொகுதி வார்க்க வேண்டும். வெல்லம் கலவையை இளக்கும், அளவு மீறினால் இறுகலைத் தள்ளிப்போடும். எத்தனை நாள் ஊறவைத்தீர்கள், எந்த வெப்பத்தில் என்பதை மாதிரி எண்ணோடு எழுதுங்கள். அது இல்லாவிட்டால் இன்னொரு ஆய்வகத்தில் யாராலும் உங்கள் முடிவை மறுபடி செய்து பார்க்க முடியாது.