கடுங்குளிர் வால்வுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கையிருப்பில் நல்ல கார்பன் ஸ்டீல் கேட் வால்வு இருக்கிறது. திரவ நைட்ரஜன் லைனில் அழுத்தம் 5 பார்தான். போடலாமா?

கூடாது. இங்கே அழுத்தம் ஒரு பொருட்டே இல்லை. சாதாரண கார்பன் ஸ்டீல் வார்ப்பு வகையான டபிள்யூசிபிக்கு −29 டிகிரி செல்சியஸ் எல்லை; குளிருக்கென்றே உள்ள வார்ப்பு வகைகளில் எல்சிபிக்கு −46, எல்சி3க்கு −101. திரவ நைட்ரஜனோ −196. அந்தக் குளிரில் கார்பன் ஸ்டீல் நெளிந்து கொடுக்காது, கண்ணாடி மாதிரி உடையும். 304, 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அல்லது அவற்றின் வார்ப்பு வகைகளான சிஎஃப்8, சிஎஃப்8எம் எடுங்கள். பாடியைச் சரியாக வாங்கிவிட்டு, ஸ்டோரில் கிடந்த பி7 (ஸ்டெயின்லெஸ் அல்லாத அலாய் ஸ்டீல்) போல்ட்டை மாட்டுபவர்கள் நிறைய. பானெட் (வால்வின் மேல்மூடி) போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகையான பி8 அல்லது பி8எம் ஆக இருக்க வேண்டும்.

பானெட்டின் நீளக் கழுத்தையும் சேர்த்து, கிளாண்ட் (ஸ்டெம் என்ற திருப்பு தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் இடம்) வரை இன்சுலேஷன் சுற்றிவிட்டார்கள். பரவாயில்லையா?

மேல் பகுதியைப் பிரித்துவிடுங்கள். கழுத்துக்குள் ஏறும் திரவம் ஆவியாகி, அந்த ஆவி அங்கேயே தேங்கி நிற்கும். கிளாண்டுக்குக் குளிர் ஏறாமல் தடுப்பது அதுதான். வெளிக்காற்றின் சூடு கழுத்தில் படாவிட்டால் குளிர் மேலேறும், கிளாண்டுக்குள் அடைத்த பேக்கிங் சுருங்கிக் கசியும், ஸ்டெம்மில் பனி கட்டி இறுகும். இதே காரணத்தால்தான் ஸ்டெம் நிமிர்ந்து நிற்க வேண்டும். இடம் போதாமல் சாய்த்தாலும் செங்குத்திலிருந்து 45 டிகிரியைத் தாண்ட வேண்டாம். படுக்கவைத்த வால்வில் திரவம் நேராகக் கிளாண்டுக்கே ஓடிவிடும்.

புது பால் வால்வின் பந்தில் ஒரு பக்கம் சிறு துளை இருக்கிறது. தயாரிப்புக் குறையா? அடைத்துவிடலாமா?

அடைத்துவிடாதீர்கள். வால்வை மூடும்போது பந்தின் குடைவிலும், பந்துக்கும் பாடிக்கும் இடையிலும் கொஞ்சம் திரவம் சிக்கிக்கொள்ளும். 1 லிட்டர் திரவ நைட்ரஜன் அறை வெப்பத்தில் ஏறக்குறைய 690 லிட்டர் வாயுவாகும். விரிய இடமில்லை என்றால் அழுத்தம் நூற்றுக்கணக்கான பாருக்கு ஏறி சீட்டை (பந்தை ஒட்டி நின்று அடைக்கும் வளையம்) பிதுக்கும், பாடியையே பிளக்கவும் செய்யும். மூடிய நிலையில் அந்த அழுத்தம் டேங்க் பக்கம் வடியத்தான் துளை.

இதற்கு ஒரு விலை உண்டு: துளை போட்ட வால்வு ஒரு திசையில்தான் முழுதாக அடைக்கும். பாடியில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள். திருப்பி மாட்டினால், எதிர்ப்பக்க அழுத்தம் சீட்டைத் தாண்டிப் பந்தறைக்குள் வந்து துளை வழியே போய்விடும். ‘புது வால்வே லீக்’ என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

துளை வால்வின் உள்ளறையை மட்டும்தான் காக்கும். இரண்டு வால்வுகளுக்கு நடுவே குழாயிலோ ஹோஸிலோ திரவம் அடைபட வாய்ப்பிருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் தனி சேஃப்டி ரிலீஃப் வால்வு வேண்டும். வரைபடத்தை விரித்து வைத்து ஒவ்வொரு துண்டாக எண்ணிப் பாருங்கள்.

தண்ணீர் சோதனையில் ஒரு சொட்டுக்கூடக் கசியாத வால்வு, குளிர்ந்ததும் கசிகிறது. ஏன்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். அறை வெப்பத்திலிருந்து −196 வரை போனால், சீட் செய்யப் பயன்படும் பிடிஎஃப்இ (டெஃப்லான்) பிளாஸ்டிக் சுமார் 2 சதவீதம் சுருங்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 0.3 சதவீதம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள சீட் 1 மில்லிமீட்டர் சிறுக்கிறது; அதைத் தாங்கும் உலோகம் 0.15 மட்டுமே. பிடியை இழந்த சீட் கசியாமல் என்ன செய்யும்? இவ்வளவு சுருங்காத பிசிடிஎஃப்இ பிளாஸ்டிக் சீட், அல்லது உள்ளே ஸ்பிரிங் வைத்த லிப் சீல் கேளுங்கள். கடுங்குளிர் வால்வுகளுக்கான பிரிட்டிஷ் தரநிலை பிஎஸ் 6364 முறைப்படி, திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி ஹீலியம் வாயுவால் சோதித்த சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் சோதனைச் சான்றிதழ் இந்த வேலைக்குப் பாதிச் சான்றிதழ்தான்.

உலோக சீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. 304 வகை உலோகத்தின் உள்ளமைப்பு கடுங்குளிரில் ஓரளவு மாறி, அளவு நூலிழை நகரும். அதனால் பாகங்களைத் திரவ நைட்ரஜனில் ஊறவைத்து எடுத்த பிறகே கடைசி லேப்பிங் (முகங்களை நுண்ணிதாகத் தேய்த்துப் பொருத்துவது) செய்ய வேண்டும்.

ஹேண்ட்வீல் இறுகிவிட்டது. பைப்பைச் செருகித் திருப்பலாமா?

ஸ்டெம்தான் முறுகும். கேஸ் டார்ச்சும் வேண்டாம். லைனைத் தனிமைப்படுத்தி, அழுத்தத்தை இறக்கி, உலர்ந்த நைட்ரஜன் வாயுவை வெதுவெதுப்பாகச் செலுத்துங்கள். வெந்நீர் ஊற்றினால் அந்த நேரத்துக்கு இளகும். அதே நீர் கிளாண்டில் இறங்கி மறுபடி உறையும்.

பெரும்பாலும் குற்றவாளி உள்ளே தங்கிய ஈரம். ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் சோதனை) முடிந்ததும் வால்வைப் பிரித்து உலர்த்துங்கள். திரவம் விடுமுன், லைனிலிருந்து வெளியேறும் நைட்ரஜனின் பனிப்புள்ளி (அதிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) −40 அல்லது அதற்குக் கீழே வரும்வரை உலர்ந்த வாயுவால் பர்ஜ் செய்யுங்கள். பிறகு பால் வால்வைப் பாதி திறந்து வைத்து, முதலில் குளிர்ந்த வாயு, அப்புறம் திரவம். குளிரும்போதே அவ்வப்போது கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். வெப்பநிலை நிலைத்ததும் கிளாண்ட் நட்டுகளை மாறி மாறி, சிறிது சிறிதாக, தயாரிப்பாளர் கொடுத்த டார்க் அளவுக்குள் இறுக்குங்கள். ஒவ்வொரு இறுக்கத்துக்கும் ஸ்டெம் சுற்றுகிறதா என்று பார்ப்பது அவசியம்.

திரவ ஆக்சிஜன் வால்வின் ஸ்டெம்முக்குக் கிரீஸ் போடலாமா?

சாதாரண கிரீஸ் என்றால் கூடவே கூடாது, தீப்பிடிக்கும். ஆக்சிஜனுக்கென்று அங்கீகரித்த புளோரின் வகைக் கிரீஸ் மட்டும், அதுவும் தயாரிப்பாளர் சொன்ன இடத்தில் மட்டும். எண்ணெய் நீக்கிச் சுத்தம் செய்த வால்வின் பையை, மாட்டும் நிமிடம் வரை கிழிக்காதீர்கள்.

திரவ நைட்ரஜன் வால்வின் இன்சுலேஷன் இல்லாத பகுதியிலிருந்து ஏதோ சொட்டுகிறது. லீக்கா, வெறும் தண்ணீரா?

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். −196 டிகிரி உலோகத்தில் படும் காற்றே திரவமாகிச் சொட்டும், அதில் ஆக்சிஜன் செறிவு அதிகம். சொட்டும் இடத்தில் எண்ணெய்க் கறை, மரப்பலகை, தார் எதுவும் இருக்கக் கூடாது. அந்தப் பகுதிக்கு இன்சுலேஷன் போடுங்கள், கழுத்தை மட்டும் விட்டுவிட்டு.