தாய்மாமனை மணந்தால் ‘சட்டப்படி செல்லாதா’?

கேள்வி: சென்ற மாதம் என் அம்மாவின் தம்பியைத் திருமணம் செய்துகொண்டேன். எங்கள் உறவுகளில் இது வழிவழியாக நடப்பதுதான். பதிவு செய்யப் போனபோது, ‘ரத்த உறவு, சட்டத்தில் இடமில்லை’ என்று வாயால் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாசலில் நின்ற ஒருவர், விண்ணப்பத்தில் ‘உறவில்லை’ என்று போட்டால் முடித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறார். எங்கள் திருமணம் செல்லுமா?

பதில்: செல்லும் சகோதரி. நீங்கள் இந்துக்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். வழிவழியாக நடப்பது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் பலமே அதில்தான் இருக்கிறது.

1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் தடைசெய்த உறவுகளில் மாமனும் அக்காள் மகளும் வருகிறார்கள். அத்தை மகனும் மாமன் மகளும்கூட வருகிறார்கள்! ஆனால் 5ஆம் பிரிவில் அந்தத் தடையைச் சொல்லும் அதே வரி, இரு தரப்பாரின் வழக்காறும் அனுமதித்தால் தடையில்லை என்றும் சொல்கிறது. 70 ஆண்டுகளாகப் புத்தகத்தில் இருக்கும் ஒரு வரியைக் கடைசிவரை படிக்க நம் அலுவலகங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

வழக்காறு என்றால் என்ன என்பதையும் சட்டமே சொல்கிறது. ஒரு வட்டாரத்திலோ சமூகத்திலோ குடும்பத்திலோ நெடுங்காலமாக, விடாமல், ஒரே மாதிரி நடந்து வந்திருக்க வேண்டும். தாத்தா காலத்தில் ஒரே ஒரு கல்யாணம் அப்படி நடந்தது என்றால் போதாது. இன்னொன்று, வழக்காறு உங்கள் இருவருக்கும் பொருந்த வேண்டும். உங்கள் அப்பா வேறு சமூகத்தவர் என்றால், அவர் பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டா என்ற கேள்வி வரும். இரண்டும் ஒரே சமூகம் என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஆனாலும் வழக்காறு உண்டு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். எனவே இப்போதே ஆதாரம் சேருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தேடி எடுங்கள். மாப்பிள்ளையின் அப்பா பெயரும் பெண்ணின் தாய்வழித் தாத்தா பெயரும் ஒன்றாக இருக்கும் பத்திரிகை நாலைந்து கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அப்புறம், இப்படி மணந்த பெரியவர்கள் இரண்டு பேரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வையுங்கள்.

வாசலில் நின்றவரிடம் மட்டும் போகவே போகாதீர்கள். பொய் விவரம் கொடுத்துக் கையெழுத்துப் போடுவது குற்றம். அந்தக் கையெழுத்து உங்களுடையது, அவருடையது அல்ல. நாளைக்கு ஜீவனாம்சமோ குடும்ப ஓய்வூதியமோ வாரிசுத் தகராறோ வந்தால், ‘எங்களுக்குள் வழக்காறு உண்டு’ என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். உறவே இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்த காகிதத்தை எதிர்த்தரப்பு அப்போது நீட்டும். வாங்கிய பணத்துக்கு ரசீதுகூடக் கொடுக்காத ஆளை எங்கே போய்த் தேடுவீர்கள்? ‘ஆபீஸில் எல்லாம் நம்ம ஆள்’ என்று பேச்சைத் தொடங்குபவர் யாராக இருந்தாலும் இதே பதில்தான்.

சரி, மறுபடி போனால் என்ன செய்வது? உறவை மறைக்காமல் விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். ‘சட்டத்தில் இடமில்லை’ என்றால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேட்டு, அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். சட்டமன்றம் இயற்றியது, அதன் கீழ் வந்த விதி, அரசாணை, சுற்றறிக்கை, ‘இங்கே இப்படித்தான்’ என்ற பழக்கம் என எல்லாவற்றையும் கவுண்டரில் சட்டம் என்றே சொல்வார்கள். சுற்றறிக்கையால் சட்டத்தை மாற்ற முடியாது. பழக்கத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தைத் தர வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆம் பிரிவே சொல்கிறது. வாயால் சொன்னதன் மேல் மேல்முறையீடு போக முடியாது. எழுத்தில் தரத் தயங்குவதும் அதனால்தான்.

2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இதைச் சொல்லித்தான் இடைத்தரகர் உங்களை அவசரப்படுத்துவார். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. தவிர, பதிவு செய்யவில்லை என்பதால் மட்டும் திருமணம் செல்லாமல் போகாது என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. விண்ணப்பத்தை நேரில் வாங்க மறுத்தால், நகல் ஒன்றை வைத்துக்கொண்டு விரைவு அஞ்சலில் அனுப்பி, அஞ்சல் ரசீதைப் பத்திரிகைகளோடு சேர்த்து வையுங்கள்.